தொட்டால் தெரியாத குடல்

அவனை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான கால்கள், மெலிந்த கழுத்து, வாய் திறக்காமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருக்கக்கூடிய சுபாவம். போதாக்குறைக்கு, பார்த்த வேலையும் டவர் கிரேன் ஓட்டுவது. எழும்பிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கும் மேலே, இரும்புக் கம்பத்தின் உச்சியில், ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். பெயர் வைத்தவர் கீழே நின்று கை காட்டும் சிக்னல்காரர். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவனுடைய சொந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தக் கூண்டில் மின்விசிறி உண்டு, நல்ல நாற்காலி உண்டு, கக்கூஸ் கிடையாது. சிறுநீருக்கு ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்றதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். கம்பத்துக்குள்ளே ஏணிக்கு மேல் ஏணி. இறங்கி, ஒதுங்கி, மறுபடி ஏறி உட்காருவதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிடும், கம்பி கட்டுகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், ஃபோர்மேன் வாக்கி டாக்கியில் கொக்கின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருப்பார். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கொக்கு வயிற்றைக் கட்டப் பழகிவிட்டான். காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். மத்தியானம் ஒன்றும் இல்லை. இறங்கி வீட்டுக்குப் போனதும் ஒரு நாளுக்கான சோற்றையும் ஒரே உட்காரலில் முடிப்பான். மலைப்பாம்புக்கு வாக்கப்பட்டுவிட்டேன் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். கொக்கு, மலைப்பாம்பு இரண்டுமாக அவன் இருந்தான். யார் வயிற்றிலும் அடிக்கவில்லை, யாரிடமும் கை நீட்டவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நாற்பதைத் தாண்டிய பிறகு வயிறு சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. முதலில் ஒரு முறுக்கு. பிறகு நினைத்த நேரத்தில் அவசரம். அப்புறம் ஒருநாள் ரத்தம். சளியும் ரத்தமுமாகக் கொஞ்சம். கொக்கு அதைப் பார்த்தான், தண்ணீரை ஊற்றினான், வெளியே வந்தான். சூடு என்று நினைத்துக்கொண்டான். மேலே கண்ணாடிக்குள் வெயிலில் வேகிறவனுக்குச் சூடு வராமல் என்ன வரும். மோர் குடித்தான், எண்ணெய் தேய்த்துக் குளித்தான். ரத்தம் சில வாரம் நிற்கும், பிறகு வரும். இப்படி மூன்று வருடம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்கள், அவர் மேலே ஏறக் கூடாது என்று எழுதிவிடுவார் என்று ஒரு பயம். மனைவியிடம் சொல்லாததற்கு அந்தக் காரணமும் இல்லை. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். இருட்டு பிரியும் முன்பே கிளம்பிவிடுவாள். மகள் பள்ளிக்கூடம் போகிற அவசரம். அந்த அமளியில் நின்று, எனக்கு ரத்தம் போகிறது என்று எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தள்ளிப்போட்டான். தள்ளிப்போட்டது பழக்கமாயிற்று.

அவசரத்துக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தான். மருந்துக்கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கேட்டால் கொடுப்பார்கள். ஏறும் முன் ஒன்று போட்டான். நன்றாக வேலை செய்தது. பிறகு இரண்டு, அப்புறம் நான்கு. கடைசி வாரத்தில் எத்தனை என்று அவனுக்கே கணக்கு இல்லை. உள்ளே புண்ணாகிக் கிடந்த குடல், மாத்திரையின் பிடியில் அசைவதையே நிறுத்தி, காற்று அடைத்த பந்தாக உப்பிக்கொண்டிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று காலையிலிருந்தே காய்ச்சல். வயிறு தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு விறைத்திருந்தது. ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கி எட்டாவது மாடியில் இறக்கும்போது உள்ளே ஏதோ விட்டுப்போனது போல் இருந்தது. வலி கூடவில்லை, குறைந்தது. அதுதான் ஆபத்து என்று பிற்பாடு சொன்னார்கள். கம்பிக் கட்டைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, கொக்கியை மேலே எடுத்துப் பூட்டிவிட்டு, வாக்கி டாக்கியில் இறங்குகிறேன் என்று மட்டும் சொன்னான். ஒவ்வொரு ஏணியாக, ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். கடைசிப் படியில் சிக்னல்காரர் நின்றிருந்தார். கொக்கு அவர் தோளில் கையை வைத்தான். அதற்கு மேல் அவனுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் நடுவே நெடுகத் தையல். வலப்பக்கம் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, தோலோடு ஒட்டிய ஒரு பை. மனைவி காலருகே உட்கார்ந்திருந்தாள். அறுவை செய்த டாக்டரம்மா வந்து நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பெருங்குடல் முழுக்கப் பழைய புண். உப்பி, மெலிந்து, நனைந்த காகிதம் போல் கையோடு வந்தது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. வைத்துக்கொள்ள வழியில்லை, எடுத்துவிட்டோம். சிறுகுடலின் நுனியை வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறோம். இனி அந்த வழியாகத்தான் வெளியேறும். கொக்கு தலையாட்டினான். டாக்டரம்மா புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றான். சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல், வருத்தம் இருக்கிறதா என்று உள்ளே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். இல்லை. பயமும் இல்லை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலும் என்று நினைத்தான். ஆனால் மருந்து தெளிந்த பிறகும் அது அப்படியேதான் இருந்தது.

பை மாற்றச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு நர்ஸ் வந்தார். தடித்த உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, சத்தமான குரல். திரையை இழுத்துவிட்டுப் பையை உரித்து எடுத்தார். கொக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மனைவி பார்த்தாள். கீழ் உதட்டை மடித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறத்தில், அந்த ஈரத்தில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒன்று. தானாகச் சுருங்கி, தானாக விரிந்தது. நர்ஸ் கையுறை போட்ட விரலால் அதைத் தொட்டார்.

"தெரியுதா?"

"என்னது?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போதுதான் கொக்கு திரும்பிப் பார்த்தான். விரல் அதன் மேல் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய கையையோ யாரோ தொடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. குடல் அப்படித்தான் என்றார் நர்ஸ். தொட்டாலும் கிள்ளினாலும், ஏன், வெட்டினாலும்கூட அதற்குத் தெரியாது. இழுத்தால், அடைத்துக்கொண்டு உப்பினால்தான் கத்தும். அதனால் சுற்றியிருக்கும் தோலை விரலால் பார்த்துக்கொள்ளலாம், இதைக் கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பாக இருக்கிறதா, கறுக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மனைவி ஒரு கேள்வி கேட்டாள். குடலே போய்விட்டால் சாப்பிடுவதெல்லாம் உடம்பில் எப்படி ஒட்டும்? ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதே கவலை. நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். வாயில் மென்று எச்சில் கலப்பதோடு மனிதனுடைய அதிகாரம் முடிந்துவிடுகிறது. விழுங்கிய பிறகு எல்லாம் அதன் இஷ்டம். இரைப்பை இரண்டு மூன்று மணி நேரம் அமிலத்தை ஊற்றிக் கடைந்து கூழாக்கும். கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடும். அங்கே ஈரலிலிருந்து பித்தம் இறங்கிக் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கும், கணையத்தின் சாறு மாவையும் புரதத்தையும் நறுக்கும். நறுக்கிப் பொடியானதைக் குடலின் உட்சுவரே உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். சிறுகுடல் ஓர் ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம், அத்தனை நீளமும் இந்த வேலைக்குத்தான். பெருங்குடலுக்கு வரும்போது பெரும்பாலும் சக்கைதான். அதில் இருக்கும் தண்ணீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு மிச்சத்தை இறுக்குவது அதன் வேலை.

நர்ஸ் பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்து முறுக்கிக் காட்டினார். "உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து போனது இந்தப் பிழியிற இடம்தாம்மா. ஆக்குற இடமெல்லாம் அப்படியே இருக்கு. பிழியாத துணி சொட்டிக்கிட்டே இருக்கும்ல, அதான் பையில தண்ணியா வருது. போற தண்ணிக்கும் உப்புக்கும் ஈடா நீங்க வாய் வழியா குடுத்துக்கிட்டே இருக்கணும்."

மனைவிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அன்று இரவு அவள் முதல்முறையாகத் தூங்கினாள். கொக்கு விழித்திருந்தான். எதையும் யோசிக்கவில்லை. விழித்திருந்தான், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாழ்க்கை பையைச் சுற்றி ஒழுங்காயிற்று. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் பைகள், பசை, பஞ்சு, சின்னக் கத்தரிக்கோல். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலிசெய்ய வேண்டும். நிறையவிட்டால் கனத்தில் உரிந்துகொள்ளும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். என்ன சாப்பிட்டோம் என்பது மறப்பதற்குள் அது வந்து நிற்கும். கேரட் துண்டு அப்படியே வந்தது. சோளமணி முழுதாக வந்தது. தக்காளித் தோல் சுருண்டு வந்தது. ரொட்டியும் சோறும் முட்டையும் அடையாளமே இல்லாமல் மஞ்சளும் பழுப்புமான கூழாகிவிட்டிருந்தன. ஒருநாள் அவன் காலையில் விழுங்கிய சத்து மாத்திரையே உருக் குலையாமல் வந்து விழுந்தது, மேலே பொறித்த எழுத்துக்கூட அழியவில்லை. நர்ஸுக்குப் போன் செய்து சொன்னதில், கரைவதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டது, சிரப்பாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

ஆர்வத்தில் பார்த்தான் என்று சொல்ல முடியாது. பார்க்க வேறு ஒன்றும் இல்லை. எத்தனையோ மாடிகளுக்கு மேலிருந்து ஊரையே பார்த்தவன், இப்போது குளியலறை முக்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்தான். தக்காளித் தோலுக்கு முன் உடம்பு தோற்றுப்போகிறது, இறைச்சியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டான். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டான். பசி என்று ஒன்று எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டான். நர்ஸ் சொன்னபடி ஒவ்வொரு கவளத்தையும் பல்லால் அரைத்துக் கூழாக்கி விழுங்கினான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மாடு அசைபோடுவதுபோல் இருக்கிறது என்று மகள் சொன்னாள். மலைப்பாம்பு மாடாகியது என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள்தான் வீட்டில் அதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசினாள். அதற்குக் குட்டிவாய் என்று பெயர் வைத்தாள். பெரியவாய் பேசுவதில்லை, குட்டிவாய் ஓயாமல் பேசுகிறது என்பாள். உண்மைதான். நேரம் காலம் தெரியாமல் அது சத்தம் போடும். அடக்க முடியாது, அடக்குவதற்கு அங்கே தசையில்லை. ஒருநாள் கொக்கின் அக்கா தம்பியைப் பார்க்க வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குடும்பத்துக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கும் அந்த நொடியில், குட்டிவாய் நீளமாக ஒன்று விட்டது. அக்கா ஒன்றும் கேட்காதவள்போல், இந்தக் கட்டில் பழசாயிடுச்சு, கிறீச்சிடுது என்றாள். மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து அவள் மூச்சுத் திணறிச் சிரிப்பது கேட்டது. அக்காவும் கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்தாள். கொக்கு மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே யாரோ சிரிப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. சத்தம் மேலே வந்து சேரவில்லை.

அந்த அக்காதான் இன்னொரு நாள் பீட்ரூட் கொண்டுவந்தாள். ரத்தம் ஊறும் என்று யாரோ சொன்னார்களாம். வேகவைத்து மசித்து, ஒரு டப்பா நிறைய. கொக்கு மத்தியானம் அதைச் சாப்பிட்டான். அன்று மனைவிக்கு வேலை சீக்கிரம் முடிந்திருந்தது. சாயங்காலம் அவன் கட்டிலில் கண் அசந்திருந்தபோது, பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சட்டையை விலக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பை முழுக்கச் சிவப்பு.

கொக்கு கண் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "பீட்ரூட்டு," என்றான். "அக்கா குடுத்தாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வர நேரமாயிற்று. வந்த பிறகு அவள் கேட்டது பீட்ரூட்டைப் பற்றி அல்ல.

"உங்களுக்கு நிஜமாவே ரத்தம் போச்சில்ல... அது எப்பலேர்ந்து?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதே கேள்வியைக் கேட்டபோது அவன் சில நாளாக என்று சொல்லியிருந்தான். மனைவி அப்போது பக்கத்தில் இருந்தாள். இப்போது பொய் சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"மூணு வருசமா."

அவள் அவனையே பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. எழுந்து பையைக் காலிசெய்ய உதவினாள், கையைக் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது, தண்ணீர் வந்தது, துவைத்த சட்டை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவசியமானதை மகள் மூலம் சொல்லியனுப்பினாள். இரண்டு அறைக்குள் தபால் போடுகிறீர்களா என்று மகள் முனகினாள். மனைவியின் மௌனம் தன்னைச் சுட வேண்டும் என்று கொக்குக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்று யாரோ தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. தொடுகை தெரியவில்லை.

சில வாரத்துக்குப் பிறகு அவள் பேசினாள். மன்னித்து அல்ல, அடுப்புக்குக் காஸ் தீர்ந்துபோனதால். பேச்சு அப்படியே தொடர்ந்தது. ஆனால் முன்பு அவன் தட்டில் சோறு போடும்போது அவன் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி வைப்பாள். அது நின்றுபோனது. போதும் என்றால் போதும்.

தையல் நன்றாக ஆறிய பின் கொக்கு வேலை கேட்டுப் போனான். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, ஏணி ஏறக் கூடாது, மேலே வெயிலில் தண்ணீர் வற்றினால் மயங்கிவிடுவார் என்று எழுதிவிட்டார். எதற்குப் பயந்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தானோ அது நடந்தேவிட்டது. நடந்தபோது ஒன்றும் பெரிதாக இல்லை. ஃபோர்மேன் அவசரக்காரரே தவிர கெட்டவர் அல்லர். பழைய சிக்னல்காரர் ஊரின் மறுகோடியில் கம்பெனியின் வேறொரு கட்டடத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார், அந்த இடம் காலியாக இருந்தது. கீழே நின்று கை காட்டு என்றார் ஃபோர்மேன். வருடக்கணக்கில் மேலிருந்து எறும்பளவில் பார்த்த கைகளை இப்போது அவனே காட்டினான். தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து. இடுப்பில் வாக்கி டாக்கி, தோளில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் பாட்டில், தளர்வான சட்டைக்குள் பை. தேவைப்பட்டபோது தகரக் கதவு போட்ட கக்கூஸுக்குப் போய்வந்தான். கீழே இருக்கிறவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கிரேனுக்குப் புதிய ஆபரேட்டர் வந்திருந்தார். கொக்கைவிட நாலைந்து வயது மூத்தவர். ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்துக்கொள்வதோடு சரி, மற்ற நேரமெல்லாம் வெறும் குரல்தான். அதிகம் பேசமாட்டார். கொக்கு அவருக்கு ஏற்ற ஆள்.

ஒருநாள் கலவை ஏற்றும் பம்ப் பழுதாகிவிட்டது. மேல்தளத்தில் பாதி கான்கிரீட் போட்டாயிற்று, பாதியில் நிறுத்த முடியாது. மிச்சத்தைத் தொட்டியில் நிரப்பிக் கிரேனால் தூக்க வேண்டும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். தொட்டிக்குப் பின் தொட்டியாக மேலே போயிற்று. மத்தியானம் தாண்டியது. வாக்கி டாக்கியில் மேலிருந்து குரல் வந்தது. "தம்பி, நான் இறங்கணும்."

ஃபோர்மேனிடமும் ஒரு வாக்கி டாக்கி இருந்தது. கொக்கு வாயெடுக்கும் முன் அவரே பதில் சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு இறங்கலாம். இரண்டு தொட்டி போயிற்று. மூன்றாவது தொட்டி வேண்டிய அளவுக்கு மேல் ஆடியது. கொக்கு அண்ணாந்து பார்த்தான். இந்தத் தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் கண்ணாடிக்குள் அந்த ஆள் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்படிக் குனிந்தால் வயிற்றுக்குள் எது எங்கே அழுத்தும் என்று அவனுக்குத் தெரியும்.

தொட்டி இறங்கி வந்து தரையைத் தொட்டது. கொக்கு கொக்கியைக் கழற்றச் சொன்னான். பிறகு இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து கோத்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவை என்று அதற்கு அர்த்தம். அந்தக் கையைப் பார்த்தால் ஆபரேட்டர் எதையும் அசைக்கக் கூடாது.

ஃபோர்மேன் ஓடிவந்தார். என்ன ஆயிற்று, கயிறு அறுந்ததா, காற்றா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அவர் இறங்கட்டும் என்றான் கொக்கு. கான்கிரீட் இறுகிச் செத்துப்போகும், உன்னை யார் கேட்டது, கையை எடு என்று ஃபோர்மேன் கத்தினார். கம்பி கட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொக்கு கையை எடுக்கவில்லை. கோபம் வரவில்லை, நியாயம் பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. கை கோத்திருந்தது, அவ்வளவுதான். குட்டிவாய் சட்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. ஃபோர்மேன் அதைக் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்தான். அவர் கத்தலைப் பாதியில் விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போனார். பம்ப்பைச் சரிசெய்கிறவனைத் திட்டும் சத்தம் கொஞ்ச நேரத்தில் கேட்டது.

ஆபரேட்டர் இறங்கினார். யாரையும் பார்க்காமல் தகரக் கதவை நோக்கி நடந்தார். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது. கொக்கு தன் பாட்டிலை நீட்டினான். குடித்துவிட்டு, உப்பு என்ன இவ்வளவு என்று முகம் சுளித்தார். கொக்கு, ரத்தம் ஏதாவது போகிறதா என்று கேட்டான். அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதெல்லாம் இல்லை என்று சொல்லி ஏணிப் பக்கம் போனார். கான்கிரீட் செத்துப்போகவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இறுகி, கொத்தி எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. அதற்காக ஃபோர்மேன் ஒரு வாரம் கொக்கிடம் முகம் கொடுக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் கொக்கு இதை மனைவியிடம் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வேலை இடத்தில் நடந்ததை அவன் வீட்டில் சொல்வது வழக்கமில்லை. அவள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் போகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார் என்று அவன் முடித்தான்.

"உங்களைக் கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

அவன் மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். வாயில் இருந்த கவளம் வாயிலேயே இருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் விழுங்கினான். நெஞ்சுக்குள் அது இறங்குவது தெரிந்தது. அவ்வளவு தூரம்வரை தெரியும். அதற்குக் கீழே தெரியாது.

மறுநாள் ஆபரேட்டர் ஏணியில் கால் வைக்கும் முன் கொக்கு அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனான். யாரிடமும் முழுசாகச் சொல்லாததை முதலிலிருந்து சொன்னான். தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தது, மோர், மாத்திரை, நான்கு மாத்திரை, இரும்புக் கம்பிக் கட்டு, நனைந்த காகிதம். எந்த இடத்திலும் குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னான். ஆபரேட்டர் கையில் இருந்த டீயில் ஆடை படிந்தது.

"எனக்கும் போகுது தம்பி," என்றார் கடைசியில். "கொஞ்ச நாளா."

கொக்கு ஃபோர்மேனிடம் போய், இன்றைக்குக் கிரேன் ஓடாது என்றான். ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேட்டரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வெளியே நீலநிறப் பெஞ்சில் கொக்கு உட்கார்ந்திருந்தான். அந்த நர்ஸ் அவ்வழியாகப் போனவர் நின்று, சாப்பிடுகிறீர்களா, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று விசாரித்தார். மறுபடி உள்ளுக்குள்ளேயே இணைக்கும் அறுவை ஒன்று உண்டு, டாக்டரம்மா சொன்னாரே, யோசித்தீர்களா என்றும் கேட்டார். பார்க்கலாம் என்றான். அவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஆபரேட்டர் வெளியே வந்தபோது கையில் ஒரு களிம்பு டியூப் இருந்தது. முகத்தில் வெட்கமா எரிச்சலா என்று சொல்ல முடியாத ஒன்று.

"மூலமாம்," என்றார். "உள்மூலம். உட்கார்ந்தே இருக்கிறதால வர்றதாம். நார் உள்ளதைச் சாப்பிடு, தண்ணி குடி, அடக்காதேங்கிறாங்க. இதுக்கா என்னை இப்படிப் பயமுறுத்தினே?"

இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். பாதி வழியில் ஆபரேட்டர் தானாகவே சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. களிம்பு டியூப்பைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, கொக்கின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். முதுகு சுரீரென்றது.

வீட்டில் மனைவி வேலை முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூலம்தானாம் என்று அவன் சொன்னான். நல்லதாப் போச்சு என்றாள். பிறகு, அவங்க வீட்ல தெரியுமா என்று கேட்டாள். அதை அவன் ஆபரேட்டரிடம் கேட்டிருக்கவில்லை. நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவள் எழுந்து தட்டு வைத்தாள். வெள்ளை ரொட்டியும் முட்டையும். அவன் மென்று, மென்று, விழுங்கினான். அவள் தன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்து, அவன் மெல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தானும் சாப்பிடத் தொடங்கினாள்.